சிவப்பு எழுத்தில் 38: ஒரு குதிகால் ரத்தப் பரிசோதனையும் ஒரு குடும்பமும்

போடிநாயக்கனூர் பக்கத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தையின் முதல் ஆறு வாரங்களைப் பற்றிய குறிப்பு இது. குழந்தை நன்றாக இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை இழுத்து வைத்துச் சொல்வதற்கு இது துப்பறியும் கதை இல்லை. பெற்றோரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எண்களையும் நான் செய்த தவறுகளையும் மாற்றவில்லை.

பொதுவாக நிகழ்வு ஆய்வு என்றால் அரிய நோய், கண்டுபிடிக்கச் சிரமப்பட்ட நோய் என்று ஏதாவது இருக்கும். இதில் நோயே இல்லை. இருந்தும் நான் பார்த்த பல நோயாளிகளைவிட இந்தக் குடும்பம் அதிக நாள் அவதிப்பட்டது. அதனால்தான் எழுதத் தோன்றியது.

தொடக்கம்

அம்மாவுக்கு வயது 26, முதல் பிரசவம். கணவர் ஏலக்காய் மண்டி ஒன்றில் கணக்கு எழுதுகிறார். கர்ப்பகாலத்தில் சொல்லிக்கொள்ளும்படி எந்தச் சிக்கலும் இல்லை. அம்மாவின் தைராய்டு அளவும் சரியாகவே இருந்தது. 38 வாரம் முடிந்த நிலையில், ஜனவரி 11-ஆம் தேதி பிற்பகல் 2:40-க்கு சிசேரியன். குழந்தை பிறந்தவுடன் அழுதது. எடை 2.9 கிலோ. நான் போய்ப் பார்த்தபோது கையை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது.

பிறந்த குழந்தையின் குதிகாலில் சின்னதாகக் குத்தி, சில சொட்டு ரத்தத்தைத் தடித்த வடிதாளில் அச்சிட்ட வட்டங்களுக்குள் ஊறவிட்டு, காயவைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது எங்கள் வழக்கம். வெளியே தெரியாமல் உள்ளே இருக்கும் சில கோளாறுகளை முன்கூட்டியே பிடிப்பதற்கான சோதனை. இந்தியாவில் இது இன்னும் எல்லாக் குழந்தைகளுக்கும் கட்டாயமாகிவிடவில்லை. மலையேறி அந்தப் பக்கம் இறங்கினால் கேரளத்தில் அரசே நடத்தும் திட்டம் உண்டு. இங்கே அந்தந்த மருத்துவமனையைப் பொறுத்தது.

வடிதாளில் ரத்தத்தைக் காயவைத்து அனுப்பலாம் என்ற யோசனையை 1960-களில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் பஃபலோ நகரில் வேலை பார்த்த ராபர்ட் கத்ரி. அவருடைய மகனுக்கு அறிவு வளர்ச்சிக் குறைபாடு இருந்தது. அவர் மனைவியின் குடும்பத்தில் ஒரு குழந்தைக்கு பிகேயு என்ற வளர்சிதைமாற்றக் கோளாறு காலம் கடந்து கண்டுபிடிக்கப்பட்டது. அந்தக் கோளாறுக்காகத்தான் முதலில் இந்தச் சோதனை வந்தது. தைராய்டுக்கு இதே வடிதாளைப் பயன்படுத்தலாம் என்று 1970-களில் செய்து காட்டியவர் கனடாவின் க்யூபெக்கைச் சேர்ந்த ஜான் துசோ. கவலைப்பட்ட ஒரு தகப்பனிடமிருந்து புறப்பட்ட சோதனை என்று இதை எப்போதும் நினைத்துக்கொள்வேன். அது எத்தனை தகப்பன்களைக் கவலைப்பட வைக்கிறது என்பதை மட்டும் அவ்வளவாக நினைத்ததில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த ரத்தத்தை எடுக்க வேண்டிய நேரம் பிறந்து 48 மணி நேரம் கழிந்த பிறகு. 72 மணிக்குள் என்றால் நல்லது. இந்தக் குழந்தைக்கு எடுத்தது 26 மணி நேரத்தில். காரணம் மருத்துவம் அல்ல, பொங்கல். 12-ஆம் தேதி இரவு போகும் கூரியரை விட்டால் அப்புறம் போகி, பொங்கல், மாட்டுப் பொங்கல் என்று வரிசையாக விடுமுறை. "இன்னைக்கே எடுத்து அனுப்பிடலாமா சார்?" என்று செவிலியர் கேட்டார். நான் சரி என்றேன். அது சரியில்லை என்று எனக்குத் தெரியும். எடுக்காமலே போவதைவிட இது மேல் என்று நினைத்தேன்.

ஏன் சரியில்லை என்றால், கருப்பையின் வெதுவெதுப்பிலிருந்து வெளியே வந்தவுடன் குழந்தையின் மூளையடிச் சுரப்பி, தைராய்டை வேலை வாங்கும் டிஎஸ்எச் என்ற ஹார்மோனை வாரி இறைக்கும். பிறந்த அரை மணியில் அது 60, 70 என்று உச்சத்துக்குப் போகும். முதல் நாளில் சரசரவென்று இறங்கும். அடுத்த சில நாட்களில் மெல்ல மெல்லத் தணியும். அது தணிவதற்குள் ரத்தம் எடுத்தால், நல்ல குழந்தையும் நோயுள்ள குழந்தைபோலத் தெரியும். இதைச் சரிக்கட்ட, எத்தனை மணி நேரத்தில் எடுத்தது என்பதை அட்டையில் எழுத வேண்டும். இந்த அட்டையில் தேதி இருந்தது, மணி இல்லை.

பெற்றோரிடம் இது என்ன சோதனை என்று யாரும் சொல்லவில்லை. அப்பா பிற்பாடு சொன்னார்: "ரத்த குரூப் பார்க்கத்தான் எடுக்குறாங்கன்னு நெனச்சேன் சார்."

காணும் பொங்கல் இரவு

14-ஆம் தேதி தாயும் சேயும் வீட்டுக்குப் போனார்கள். பொங்கலுக்குப் பேத்தி வந்துவிட்டாள் என்று அம்மாச்சி வீட்டில் ஒரே கொண்டாட்டம். 17-ஆம் தேதி, காணும் பொங்கலன்று இரவு எட்டு மணிக்கு அப்பாவின் வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வந்தது. ஆய்வகம் நேராக அவருக்கே அனுப்பியிருந்தது. எங்களுக்கு வந்த மின்னஞ்சலை விடுமுறையில் யாரும் திறக்கவில்லை. அறிக்கையில் ஐந்தாறு வரிகள், எல்லாம் கறுப்பு எழுத்தில். ஒரு வரி மட்டும் சிவப்பில்: டிஎஸ்எச் 38. பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி. கீழே ஆங்கிலத்தில், உடனே மருத்துவரை அணுகவும் என்று ஒரு வரி.

அவர் மருத்துவமனைக்குப் போன் செய்தார். பணியிலிருந்த செவிலியர், "தைராய்டு கூடியிருக்கு, டாக்டர் நாளைக்கு வந்துருவார், பெரிசா ஒண்ணும் இருக்காது" என்றார். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஆனால் ஒரே வாக்கியத்தில் ஒரு தவறும் ஓர் ஆபத்தும் இருந்தன. டிஎஸ்எச் கூடினால் தைராய்டு கூடியதாக அர்த்தமில்லை, குறைந்திருக்கலாம் என்றுதான் அர்த்தம். அது தவறு. 'பெரிசா ஒண்ணும்' என்றதும், சின்னதாக என்னவோ இருக்கிறது என்பது உறுதியாகிவிட்டது. அது ஆபத்து.

பிறகு நடந்ததை ஊகிப்பது கடினமில்லை. மொபைலில் தேடினார்கள். பிறவியிலேயே தைராய்டு குறைந்த குழந்தைகளின் பழைய படங்கள், சிகிச்சையே இல்லாத காலத்துப் படங்கள், வரிசையாக வந்தன. நாக்கு வெளியே துருத்திய, முகம் உப்பிய குழந்தைகள். கூடவே அறிகுறிகளின் பட்டியல்: அதிகமாகத் தூங்கும், பால் குடிக்க மந்தமாக இருக்கும், மலச்சிக்கல் இருக்கும், குரல் கரகரக்கும், தோல் வறளும். ஆறு நாள் குழந்தை என்ன செய்யும்? தூங்கும். அம்மா எனக்குச் சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதுகிறேன்: "அதுவரைக்கும் அவ தூங்குனா நிம்மதியா இருக்கும் சார். அன்னைக்கு ராத்திரியிலிருந்து அவ தூங்குனாலே பயம்."

அன்றிரவு குழந்தையை மணிக்கொரு தரம் உள்ளங்காலைச் சுண்டி எழுப்பியிருக்கிறார்கள்.

அப்பா என் எண்ணை எப்படியோ வாங்கி இரவு பத்தரைக்கு அழைத்தார். நான் சொந்த ஊரில் இருந்தேன். வாசலில் சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டிருந்த சத்தத்துக்கு நடுவே, "இதெல்லாம் நூத்துக்குத் தொண்ணூறு ஒண்ணும் இருக்காது, காலையில வாங்க" என்று சொல்லி வைத்தேன். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் எத்தனை மணி நேரத்தில் எடுத்த ரத்தம் என்று நான் கேட்கவில்லை, நினைவுபடுத்திக்கொள்ளவும் இல்லை. அந்தத் தொண்ணூறை எந்தக் கணக்கிலிருந்தும் எடுக்கவில்லை. அவர்கள் மிச்சமிருந்த பத்தைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள்.

உண்மையான கணக்கு எப்படி? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சென்னை உட்பட ஐந்து பெருநகரங்களில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைச் சோதித்து நடத்திய ஆய்வில், பிறவித் தைராய்டு குறைபாடு ஏறத்தாழ ஆயிரத்துச் சொச்சம் பேரில் ஒருவருக்கு இருந்தது. மேலை நாடுகளில் வழக்கமாகச் சொல்லப்படும் அளவைவிட இது கூடுதல். இப்போது ஒரு மருத்துவமனையில் பத்தாயிரம் குழந்தைகளுக்கு ரத்தம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். நூற்றில் ஒருவரைத் திரும்ப அழைத்தால் நூறு பேர். அவர்களில் உண்மையிலேயே நோய் இருப்பது ஒன்பது பத்துப் பேருக்கு. மீதித் தொண்ணூறு குடும்பங்கள் சும்மா பயந்து திரும்பும். அவசரத்தில் நான் விட்ட எண் தற்செயலாக இந்தக் கணக்கோடு பொருந்திப்போகிறது. ஆனால் இதை விளக்கிச் சொல்வதும், போனில் போகிற போக்கில் வீசுவதும் ஒன்றல்ல.

பத்துப் பேரைப் பிடிக்கத் தொண்ணூறு பேரைப் பயமுறுத்த வேண்டுமா என்றால், வேண்டும் என்றுதான் சொல்வேன். இந்த நோயுள்ள பெரும்பாலான குழந்தைகள் பிறக்கும்போது பார்க்க நன்றாகவே இருப்பார்கள். தாயின் தைராய்டு ஹார்மோன் நஞ்சுக்கொடி வழியே வந்து அவர்களைக் காப்பாற்றியிருக்கும். கண்ணுக்குத் தெரியும்படி அறிகுறி வர வாரங்கள், மாதங்கள் ஆகும். அதற்குள் மூளை இழந்ததைத் திரும்பப் பெற முடியாது. முதல் இரண்டு வாரங்களுக்குள் மாத்திரை ஆரம்பித்துவிட்டால் மற்றக் குழந்தைகளைப் போலவே வளர்வார்கள். அதே வருடம் எங்களிடம் இன்னொரு குழந்தைக்கு எண் நூறைத் தாண்டி வந்தது. ஒன்பதாம் நாள் மாத்திரை தொடங்கினோம். தினம் ஒரு வேளை, பொடித்துக் கரண்டியில் தாய்ப்பாலோடு கலந்து கொடுப்பதுதான் மொத்த வைத்தியமும். அந்தப் பையன் இப்போது என் மேஜையில் இருக்கும் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடுகிறான். குதிகாலில் குத்தாமல் விட்டிருந்தால் அவனை இப்படிப் பார்த்திருக்க முடியாது.

மூன்று இரவுகள்

18-ஆம் தேதி காலை ஏழரைக்கே வந்துவிட்டார்கள். அப்பா, அம்மா, அம்மாச்சி, அப்பத்தா, அம்மாவின் அக்கா என்று ஐந்து பெரியவர்கள், துணியில் சுற்றிய ஒரு குழந்தை. எடை 2.72 கிலோ. முதல் வாரத்தில் இந்த அளவு குறைவது இயல்புதான். அன்று அதை இயல்பு என்று நம்ப அங்கே யாரும் தயாராக இல்லை.

குழந்தையை முழுதாகப் பார்த்தேன். உச்சிக்குழி, நாக்கு, வயிறு, தோல், தசையின் இறுக்கம், எல்லாம் சரி. குரல் கரகரப்பாக இல்லை. அட்டையின் விவரத்தைப் பார்த்தபோதுதான், பிறந்த மறுநாளே எடுத்த ரத்தம் என்பது எனக்கு உறைத்தது. 24 மணிக்கும் 48 மணிக்கும் இடையில் எடுத்தால் 34-க்கு மேல் போனால்தான் திரும்ப அழைக்க வேண்டும். 48 மணிக்குப் பிறகு எடுத்தால் 20-க்கு மேல் போனாலே அழைக்க வேண்டும். 38 என்பது முதல் அளவுகோலையும் கொஞ்சம் தாண்டியிருந்தது. ஆக, மறுசோதனை எப்படியும் தேவை. ஆனால் 20-ஐத் தாண்டி 38 என்று பார்ப்பதும், 34-ஐத் தாண்டி 38 என்று பார்ப்பதும் ஒன்றா? இந்த வித்தியாசத்தை முந்தைய இரவே சொல்லியிருந்தால் அந்த ஐந்து பேரில் இரண்டு பேராவது தூங்கியிருப்பார்கள்.

இந்த முறை உட்கார வைத்துச் சொன்னேன். தைராய்டு சுரப்பி வேலைக்காரன். டிஎஸ்எச் அவனை வேலை வாங்குகிறவன் போடும் சத்தம். வேலைக்காரன் சும்மா இருந்தால் சத்தம் கூடும். ஆனால் காலையில் வேலை தொடங்கும் நேரத்திலும் சத்தம் கூடுதலாகத்தான் இருக்கும். அப்பா சட்டென்று பிடித்துக்கொண்டார். "கங்காணி சத்தம் கூடுதலா இருக்கு. ஆளுக வேலை செய்யுதா இல்லையான்னு தோட்டத்துக்குள்ள போயித்தான் பார்க்கணும். அப்படித்தானே சார்?" ஏலத்தோட்டத்துப் பேச்சு. எத்தனையோ முறை மாணவர்களுக்கு நான் விளக்கியதைவிட நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு எல்லாரிடமும் அவர் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

தோட்டத்துக்குள் போய்ப் பார்ப்பதென்றால் கைநரம்பில் ரத்தம் எடுத்து டிஎஸ்எச்-ஓடு எஃப்டி4 என்ற தைராய்டு ஹார்மோனையும் பார்ப்பது. எடுத்தோம். ஏழு நாள் குழந்தையின் நரம்பு நூல்போல இருக்கும். இரண்டாவது குத்தில்தான் கிடைத்தது. அம்மா வெளியே போய் நின்றுகொண்டார். அப்பத்தாதான் குழந்தையின் தலையைப் பிடித்துக்கொண்டார்.

முதல் எண் 40-ஐத் தாண்டியிருந்தால் முடிவுக்குக் காத்திராமல் அன்றே மாத்திரை கொடுத்திருப்பேன். 38-க்குக் காத்திருக்கலாம். காத்திருந்தோம். மதுரைக்குப் போன ரத்தம், நடுவில் ஞாயிறு, முடிவு திங்கள் மாலை. 17, 18, 19 என்று மூன்று இரவுகள். சோதனையின் குத்து ஐந்து நிமிடம், காத்திருப்பு மூன்று நாள். எங்கள் பதிவேட்டில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு பக்கம் இருக்கிறது. மூன்று நாளுக்கு ஒரு வரிகூட இல்லை.

அந்த மூன்று நாளில் வீட்டுக்குள் நடந்தவை எனக்கு மெல்ல மெல்லத்தான் தெரிய வந்தன. அம்மாவின் அக்கா தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். அது அப்பத்தாவுக்கு அதுவரை தெரியாது. "எங்க பக்கம் யாருக்கும் இது கிடையாது" என்று ஒரே ஒரு முறைதான் சொன்னாராம். ஒரு முறை போதுமே. அக்கா அன்று மாலையே பஸ் ஏறிவிட்டார். பெரியவர்களுக்கு வரும் தைராய்டு வேறு, இது வேறு. பிறவிக் குறைபாடு பெரும்பாலும் சுரப்பி உருவாகும் கட்டத்திலேயே நேர்வது, குடும்பத்தில் இதற்கு முன் யாருக்கும் இருக்க வேண்டியதில்லை. இதை நான் முதல் நாளே வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அக்கா பஸ் ஏறியிருக்க மாட்டார். யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. யாரும் வாய்விட்டுக் கேட்கத் துணியாத கேள்வி அதுதான் என்பது இத்தனை வருட அனுபவத்துக்குப் பிறகாவது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அம்மாவுக்குப் பால் குறைந்தது. அம்மாச்சி குலதெய்வத்துக்கு முடிந்து வைத்தார். அப்பா மண்டிக்குப் போய்க் கணக்கில் தப்புத் தப்பாக எழுதினார். வீட்டில் எல்லாருக்கும் தைரியம் சொல்லிவிட்டு, மண்டிக்குப் பின்னால் போய் நின்று அழுததாக மாதங்கள் கழித்து ஒருநாள் தனியாக வந்தபோது சொன்னார். மனைவிக்கு அது இன்றுவரை தெரியாது என்றார். இதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க, படிக்கட்டும்" என்றார்.

நடுவில் நிற்கும் எண்

திங்கள் மாலை வந்த முடிவு: எஃப்டி4 சரியான அளவு. டிஎஸ்எச் 14.6.

நோய் என்று சொல்ல முடியாது. முழுக்கச் சரி என்றும் சொல்ல முடியாது. இரண்டு வாரத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு, ஹார்மோன் அளவு நன்றாக இருந்து டிஎஸ்எச் 20-க்குக் கீழே இருந்தால் மாத்திரை வேண்டாம், பொறுத்து மறுபடியும் பார்க்கலாம் என்பது நடைமுறை. மூன்று வாரத்தில் 10-க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். மருத்துவருக்கு இது சுலபமான நிலை. ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, காத்திருந்தால் போதும். பெற்றோருக்கு இதைவிடக் கடினமான நிலை கிடையாது. நோய் என்று சொன்னால்கூட ஒரு மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கலாம், கைக்கு ஒரு வேலை இருக்கும். "மாத்திரையையே குடுத்துருங்களேன் சார்" என்று அம்மா கேட்டது அதனால்தான். அதைப் பிடிவாதம் என்று அன்று நினைத்தேன்.

ஏழாம் நாளிலும் ஏன் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது என்று யோசித்தபோது, துணியை விலக்கித் தொப்புளைப் பார்த்தேன். சுற்றிலும் காபிக்கறை போலப் பழுப்பு. அயோடின் கலந்த மருந்து, புண்ணுக்குப் போடுவது. பிறந்த குழந்தையின் மெல்லிய தோல் வழியே அயோடின் உள்ளே போய்த் தைராய்டைத் தற்காலிகமாக மந்தப்படுத்தும். டிஎஸ்எச் ஏறும். தொப்புள்கொடியில் ஒன்றும் போடாமல் உலரவிடுவதுதான் நல்லது என்று வீட்டுக்கு அனுப்பும்போது சொல்கிறோம், அல்லது சொல்வதாக நினைத்துக்கொள்கிறோம்.

"இதை யார் போட்டது?" என்று கேட்டேன்.

ஒரு மருத்துவக் கேள்வியாகத்தான் கேட்டேன். அறையில் நான்கு பேர் அம்மாச்சியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஒன்றும் பேசவில்லை. முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டார். சீழ் பிடிக்கக்கூடாது என்று பார்த்துப் பார்த்து நான்கு நாள் போட்டிருக்கிறார், அதுவும் மகளின் சிசேரியன் புண்ணுக்கு வாங்கிய புட்டியிலிருந்து. அதுதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. காலப்போக்கில் தானாக இறங்கும் எண்ணாகவும் இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கணத்தில் அந்த வீட்டுக்குக் குற்றவாளி கிடைத்துவிட்டார். இரண்டு நாள் முன்பு அக்கா, இப்போது அம்மாச்சி. 'தொப்புளுக்கு ஏதாவது மருந்து போடுறீங்களா? இனிமே வேண்டாம்' என்று பொதுவாகச் சொல்லியிருந்தாலே விஷயம் முடிந்திருக்கும்.

பிப்ரவரி 1-ஆம் தேதி, 21-ஆம் நாள்: டிஎஸ்எச் 7.8, எடை 3.2 கிலோ. ஆறு வாரத்தில் 4.1. சோதனைகள் அங்கே முடிந்தன.

'ஆனாலும்'

கோப்பை மூடினேன். மூடும்போது அம்மாவிடம், "எல்லாம் நார்மல். ஆனாலும் வளர்ச்சியைக் கவனிச்சுக்கிட்டே இருப்போம்" என்று சொன்னேன். எந்தக் குழந்தைக்கும் சொல்வதுதான். அம்மாவின் காதில் விழுந்தது 'ஆனாலும்' மட்டும்.

பத்தாவது வாரத் தடுப்பூசிக்கு வந்தபோது அவர் கையில் ஒரு நீள நோட்டு இருந்தது. மண்டியில் கணக்கு எழுதும் நோட்டு, கணவர் கொண்டுவந்து கொடுத்தது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம். எத்தனை மணிக்குத் தூங்கினாள், எத்தனை மணிக்கு எழுந்தாள், எத்தனை நிமிடம் பால், மலம் எத்தனை முறை, அழுகை 'தெளிவு' அல்லது 'கம்மல்'. தேடலில் பார்த்த அறிகுறிப் பட்டியல் அப்படியே பத்திகளாகி இருந்தது. ஒருமுறை நான்கு நாள் மலம் போகவில்லை என்று நள்ளிரவில் ஆட்டோ பிடித்து அவசரப் பிரிவுக்கு வந்திருக்கிறார்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் இரண்டு மாதக் குழந்தை சில நாள் மலம் போகாமல் இருப்பது சாதாரணம். அதைச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவர் அதை நம்பவில்லை.

1964-இல் மாரிஸ் க்ரீன், ஆல்பர்ட் சால்னிட் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரு காலத்தில் பிழைக்காது என்று பெற்றோர் பயந்த குழந்தை, முழுக்கக் குணமான பிறகும், அந்த வீட்டில் எப்போது வேண்டுமானாலும் நொறுங்கக்கூடிய பிள்ளையாகவே வளர்வதைப் பற்றியது. மூன்று வருடம் கழித்து, 1967-இல், சியாட்டிலில் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்த பெர்க்மனும் ஸ்டாமும் இன்னும் விநோதமான ஒன்றைச் சொன்னார்கள். இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம் கேட்டது என்று எப்போதோ சொல்லப்பட்டு, இதயநோயே இல்லாத பிள்ளைகளில் பலரை வீட்டில் ஓடாதே ஆடாதே என்று அடக்கி வைத்திருந்தார்கள். இல்லாத நோய் உண்டாக்கிய ஊனம். படித்த காலத்தில் இரண்டையும் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். அந்த நோட்டைப் புரட்டும்போதுதான் அவை ஞாபகத்துக்கு வந்தன.

"இதெல்லாம் ஏம்மா எழுதுறீங்க? எல்லாம் நார்மல்னு சொல்லிட்டேனே?" என்றேன்.

"நீங்க 'ஆனாலும்'னு சொன்னீங்களே சார்."

அன்று வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். இருந்தாலும் அரை மணி நேரம் பேசினேன். கணக்கில்லாமல் மனதில் கிடந்தவற்றை, இருந்த நான்கு எண்களாக ஒரு தாளில் தேதியோடு எழுதினேன்: 38, 14.6, 7.8, 4.1. முதல் எண்ணுக்குப் பக்கத்தில், '26 மணி நேரத்தில் எடுத்தது. பொங்கலுக்காக அவசரப்பட்டது நாங்கள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். குழந்தைக்குத் தைராய்டு நோய் இல்லை, இருந்ததும் இல்லை என்று எழுதினேன். இன்னொரு தாளில் அம்மாச்சிக்கு, தொப்புள் மருந்தால் எந்தப் பாதிப்பும் நிற்கவில்லை என்று. அதையும் கேட்டு வாங்கியது மருமகன்தான். 'வந்தது பயம், வந்தது நோயல்ல' என்று சொல்லவேண்டிய இடத்தில் 'நார்மல், ஆனாலும்' என்று சொல்லிவிட்டேன் என்பதையும் ஒப்புக்கொண்டேன். மருத்துவர் தப்பு என்று சொன்னால் நம்பிக்கை போய்விடும் என்று எங்களுக்குள் ஒரு பயம் உண்டு. அவர் அன்றுதான் முதல்முறையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

எங்களிடம் சிலது மாறியிருக்கிறது. 48 மணிக்கு முன் ரத்தம் எடுப்பதில்லை. அதற்குள் வீட்டுக்குப் போகிறவர்களை ஒருநாள் திரும்ப வரச் சொல்கிறோம். பண்டிகை வந்தால் அட்டையைக் காயவைத்து வைத்திருந்து, எங்கள் ஆளே மதுரை வரை போய்க் கூரியரில் சேர்க்கிறார். அட்டையில் மணி எழுதாமல் வாங்க மாட்டோம். முடிவு முதலில் எங்களுக்கு வரும், போன் செய்வது நானோ என் சக மருத்துவரோதான். மாலை ஏழுக்கு மேல், மறுநாள் காலைக்குள் ஒன்றும் செய்ய முடியாத செய்தியை அழைத்துச் சொல்வதில்லை. இந்தக் கடைசி விஷயத்தில் எங்களுக்குள் இன்னும் சண்டை இருக்கிறது. தெரிந்த செய்தியை ஓர் இரவு மறைப்பது சரியா என்று என் சக மருத்துவர் கேட்கிறார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்கு வந்தார்கள். அக்காவும் கூட வந்திருந்தார். குழந்தை மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றது. தடுப்பூசி அட்டை அந்த நீள நோட்டுக்குள்தான் இருந்தது. எடுக்கும்போது பக்கங்கள் தெரிந்தன. ஏப்ரல் நடுவில் தூக்கக் கணக்கு நின்றிருந்தது. அடுத்த பக்கத்திலிருந்து பால்காரருக்குக் கொடுத்த பணம், லிட்டர் கணக்கில்.